உச்சியில் நிற்கும் பந்துக்கு முடுக்கம் உண்டு என்பதை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். பள்ளியில் படிக்கும் என் அக்கா மகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) உள்ள வேறுபாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். முடுக்கத்தில், அதாவது திசைவேகம் மாறும் வீதத்தில்தான் சிக்கல்.

நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடி கழித்து வேகம் 9.8, இரண்டாவது நொடியின் முடிவில் சுழி, மூன்றாவதில் கீழ்நோக்கி 9.8. காற்றின் தடையை விட்டுவிட்டால் கணக்கு இவ்வளவுதான், அவளே போட்டுவிட்டாள். ஆனாலும், "உச்சியில் பந்து நின்றுவிடுகிறதே, அங்கே முடுக்கம் மட்டும் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறாள். முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே என்றேன். தலையாட்டினாள், முகம் தெளியவில்லை. நியாயமான கேள்வி; மழுப்பிவிட எனக்கு மனமில்லை.

வளைவில் ஒரே சீராக 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் பஸ்ஸுக்கும் முடுக்கம் உண்டு என்பதை உடனே ஏற்றுக்கொண்டாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வதை உணர்ந்திருக்கிறாள் அல்லவா!

கைபேசியின் முடுக்கமானியைக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். மேசைமேல் சும்மா கிடக்கும்போது அது 9.8 காட்டுகிறது, மெத்தைக்கு மேல் தூக்கிப்போட்டால் காற்றில் இருக்கும்வரை ஏறக்குறைய சுழி. மேசை தாங்கும் விசையைத்தான் அது உணர்கிறது, புவியீர்ப்பை அல்ல. இதை இப்போதே காட்டினால் குழப்பம் கூடிவிடுமோ?

ஆசிரியர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்: திசைவேக வரைபடத்தின் சாய்விலிருந்து தொடங்குவீர்களா, வேறு சோதனை ஏதும் கைவசம் உண்டா?