மறு: போருக்குச் சோடிக்கும் காரணத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

> 'போர்ச்சாக்கு' எல்லாருக்கும் புரிகிறதே. புதிதாக இன்னொரு சொல் எதற்கு?

ஐயா கேட்பது நியாயம்தான். போர் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு அதற்கேற்பக் காரணம் தயாரிப்பதை 'போர்ச்சோடனை' என்று அழைக்கலாம் என்பது என் யோசனை. நானும் நெடுநாள் 'போர்ச்சாக்கு' என்றே எழுதிவந்தேன். ஒரே ஒரு வரியை மொழிபெயர்க்கும்போதுதான் கை நின்றது. 2002 ஜூலை 23 அன்று லண்டனில் பிரதமர் டோனி பிளேர் நடத்திய கூட்டத்தின் குறிப்பில் உள்ள வரி அது. 2005 மே மாதம் சண்டே டைம்ஸ் வார இதழில் வெளியானது. வாஷிங்டன் போய்வந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அங்கே கண்டதைச் சொல்கிறார்: இராக்மீது போர் வந்தே தீரும் என்ற நிலை, கொள்கைக்கு ஏற்றபடி உளவுத் தகவல்களும் உண்மைகளும் 'ஃபிக்ஸ்' செய்யப்படுகின்றன.

இந்த ஃபிக்ஸுக்குத் தமிழில் என்ன போடுவது? 'சரிசெய்யப்படுகின்றன' என்றால் பொருள் தலைகீழாகிவிடும். 'பொருத்தப்படுகின்றன' என்றால் தச்சுவேலை மாதிரி இருக்கிறது, செய்தவர்மேல் குற்றமே தெரியவில்லை. 'சோடிக்கப்படுகின்றன' என்று எழுதிப் பார்த்தேன். வரி சரியாக உட்கார்ந்தது.

வழக்கு சோடிப்பது என்றால் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். யாரை உள்ளே தள்ளுவது என்று முதலிலேயே முடிவாகிவிடும். சாட்சியும் தடயமும் அதற்குப் பிறகு தயாராகும். இந்த முன்பின் வரிசைதான் நாம் தேடும் பொருளுக்கு உயிர். 'சாக்கு' என்ற சொல்லில் அது இல்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசரைக் கொன்றது உண்மை. ஆஸ்திரியா-ஹங்கேரி அதைச் சாக்காக வைத்து செர்பியாமீது பாய்ந்தது. அதற்குச் சாக்கு என்ற சொல்லே போதும். இராக்கில் நடந்ததை அதே சொல்லால் எழுதினால் சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிடுகிறோம்.

இன்னொன்று. சோடனைக்கு அலங்காரம் என்ற பொருளும் உண்டு. ஈழத்து வழக்கில் அதுதான் முதல் பொருள். இங்கே இது குறையில்லை, பலம் என்றே நினைக்கிறேன். போருக்குச் சொல்லும் பொய் பெரும்பாலும் வெறும் பொய்யாக வருவதில்லை. சிறு உண்மைக்கு நகை பூட்டித்தான் வருகிறது. 2002 செப்டம்பர் 24 அன்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அறிக்கையில், சதாம் ஆணையிட்டால் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்கள் தயாராகிவிடும் என்று இருந்தது. அடியில் ஓர் உளவுச் செய்தி இருந்தது மெய். ஆனால் அது எந்த வகை ஆயுதத்தைப் பற்றியது என்ற விளக்கத்தை அறிக்கையில் விட்டுவிட்டார்கள். இராக் போர் பற்றிய பிரிட்டிஷ் விசாரணையின் முடிவாக 2016இல் வந்த சில்காட் அறிக்கை பிளேரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆதாரம் தாங்காத அளவு உறுதியோடு அச்சுறுத்தல் முன்வைக்கப்பட்டது என்றே சொன்னது. அந்த நிலைக்கு 'பொய்' என்று எழுதினால் மிகை, 'பிழை' என்று எழுதினால் அநியாயம்.

வியட்நாம் போரை அமெரிக்கா பெரிதாக்கக் காரணம் காட்டிய டோங்கின் வளைகுடா நிகழ்வையும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 1964 ஆகஸ்ட் 2 அன்று மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியட்நாம் படகுகள் தாக்கியது உண்மை. 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை. கப்பலில் இருந்த தளபதியே சில மணி நேரத்துக்குள் சந்தேகம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடி அறிவித்துவிட்டார். 7ஆம் தேதி படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது: கீழவையில் 416–0, செனட்டில் 88–2. இடைமறித்த வடவியட்நாம் செய்திகளில் பெரும்பகுதி மேலிடத்துக்குப் போகாமலே தங்கிவிட்டது என்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாசிரியரே எழுதினார். அந்த ஆய்வு 2005இல்தான் வெளியே வந்தது. இடைநிலை அதிகாரிகள் தங்கள் பிழையை மறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது அவர் கருத்து. அப்படியே இருக்கட்டும். வேண்டியதை வைத்து வேண்டாததை ஒதுக்கிய வேலைக்குப் பெயர் சோடனைதான்.

> 'பொய்க்கொடி' என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்களே?

அம்மா, அது வேறு பொருள். 1939 ஆகஸ்ட் 31 அன்று ஜெர்மனியிலேயே இருந்த கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தை நாஜிகள் போலந்துக்காரர்களாக நடித்துத் தாக்கினார்கள். அதற்குத் தமிழில் 'ஆள்மாறாட்டத் தாக்குதல்' என்றாலே விளங்கும். கொடியைக் கொண்டுவந்தால், கப்பல்கள் வேற்றுக்கொடி ஏற்றி எதிரியை ஏமாற்றிய கதை தெரியாதவர் திகைப்பார். சோடனைக்கு அது ஒரு கருவி. எல்லாச் சோடனைக்கும் அது தேவைப்படுவதில்லை. நைஜரிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய தாள்கள் போலி என்று 2003 மார்ச் 7 அன்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் அன்றைய தலைவர் எல்பராதே ஐ.நா. பாதுகாப்பு அவையிலேயே சொன்னார். பதின்மூன்று நாளில் குண்டு விழுந்தது. அங்கே யாரும் வேடம் போடவில்லை, காகிதம் மட்டுமே போதுமாக இருந்தது.

பழந்தமிழில் தேடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். தேடினேன். தொல்காப்பியம், படையெடுப்பைப் பேசும் வஞ்சித்திணைக்குக் காரணமாக 'எஞ்சா மண்நசை', அதாவது குறையாத மண்ணாசை, என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மண் வேண்டும், போகிறான். மறைக்காத இடத்தில் மறைப்புக்குச் சொல் கிடைக்காமல் போனதில் வியப்பில்லை.

ஒரு தடை மட்டும் எனக்கே இருக்கிறது. சோடனை குற்றம் சாட்டும் சொல். விசாரணை முடியும் முன்பே செய்தியில் அதைப் போடக் கூடாது. ஆகவே அரசு சொல்லும் காரணத்தைக் குறிக்க 'போர்முகாந்திரம்' என்ற நடுநிலைச் சொல்லையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றச் செய்திகளில் பழகிய சொல்தான்.

என் முன்மொழிவு:

போர்ச்சோடனை — முன்பே எடுத்த போர் முடிவுக்குப் பொருந்தும்படி ஆதாரங்களைத் திரித்தோ மிகைப்படுத்தியோ ஒதுக்கியோ புனைந்தோ காட்டுதல். வினை: போருக்குக் காரணம் சோடித்தல். அத்தகைய ஆவணம்: சோடனை அறிக்கை.

'ஜோடனை' என்று எழுதுவோரும் உண்டு. எழுத்தில் எதை வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. 'முன்பே எடுத்த' என்ற இரண்டு சொற்களை மட்டும் வரையறையிலிருந்து யாரும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.