யக்கா மலை எரிமலைக் கணக்கு: நிகழ்வுகளை எப்படி எண்ணுகிறீர்கள்?

வணக்கம். நெவாடாவின் யக்கா மலையில், தரைக்குக் கீழே சுமார் 300 மீட்டரில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்ட சுரங்கத்தை மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) வெட்டிச் செல்லும் வாய்ப்பை மறுபடி கணக்கிடுகிறோம். 1996இல் பத்து நிபுணர்களிடம் கேட்டுத் தொகுத்த மதிப்பீட்டின் சராசரி ஆண்டுக்கு 10 கோடியில் 1.5. விதிமுறையின் எல்லையோ 10 கோடியில் 1; அதற்குக் கீழே போனால் பாதுகாப்பு மதிப்பீட்டில் எரிமலை ஆபத்தையே ஒதுக்கிவிடலாம். இவ்வளவு ஒட்டி நிற்பதால் சின்ன அனுமானமும் முடிவைப் புரட்டிவிடுகிறது.

பெரிய தலைவலி, இதுவரை நடந்த எரிமலை நிகழ்வுகளின் எண்ணிக்கைதான். மலைக்கு மேற்கே உள்ள கிரேட்டர் ஃப்ளாட் (Crater Flat) பள்ளத்தில் சுமார் 10 லட்சம் ஆண்டு வயதுள்ள ஐந்து எரிமலைக் கூம்புகள் வில் போல 12 கி.மீ. நீளத்துக்கு நிற்கின்றன. ஐந்து நிகழ்வா, ஒரே வெடிப்பா? வயதளவீட்டுப் பிழை அவற்றைப் பிரிக்க விடுவதில்லை. ஒன்று என்று வைத்தால் நிகழ்வு வீதம் சரியும், ஆனால் அந்த ஒன்றின் டைக் (பாறைப் பிளவில் மாக்மா ஏறும் சுவர் போன்ற தகடு) நீளம் 12 கி.மீ. ஆகிவிடும், சுரங்கத்தில் படும் வாய்ப்பு ஏறும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு நீளத்தை அப்படியே விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது கெர்னல் அகலம், அதாவது நிகழ்வுகளின் அடர்த்தி வரைபடம் போடும்போது ஒவ்வொரு கூம்பையும் சுற்றிலும் எவ்வளவு தூரம் பரப்புகிறோம் என்பது. குறுக்கினால் அடர்த்தி மேற்கே பள்ளத்தில் குவிகிறது, விரித்தால் மலை மேலும் படர்கிறது. இத்தனை குறைந்த கூம்புகளை வைத்துத் தரவே அகலத்தைச் சொல்லும் என்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

மலைக்குத் தெற்கே அமர்கோசா பாலைவன வண்டலுக்கு அடியில், வான்வழிக் காந்த அளவீட்டில் தெரிந்து, துளையிட்டதில் 38 லட்சம் ஆண்டு வயது காட்டிய பசால்ட் எரிமலைப் பாறையும் இருக்கிறது. அதையும், மலையின் தென்கோடியில் சுமார் 77,000 ஆண்டு வயதுள்ள லாத்ராப் வெல்ஸ் கூம்பையும் ஒரே வீதத்தில் சேர்ப்பீர்களா? புள்ளிக்குப் பதில் டைக்கையே கோடாக வைத்து கெர்னல் போட்டவர்கள் இருந்தால், நீளப் பரவலை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.