புதுப்பிப்பு: 45-70 ரைஃபிளில் முயல் வேட்டைக்கான மெதுவான லோடு (மருந்து குறைத்த தோட்டா), ஈயப் படிவு தீர்ந்தது

என் மார்லின் 1895 ரைஃபிளில் 405 கிரெயின் (சுமார் 26 கிராம்) வார்ப்பு ஈயக் குண்டு குழலில் ஈயம் ஒட்டுகிறது, 50 கஜத்தில் சிதறுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "முதலில் குழலை அளந்து பார்" என்ற யோசனைதான். மென்ஈயத் துண்டை குழலில் தட்டி இறக்கி மைக்ரோமீட்டரில் பார்த்தால் காடி விட்டம் (குழலின் உட்புறச் சுழல்பள்ளங்களின் அடியில் அளந்த விட்டம்) 0.4585 அங்குலம். குண்டோ 0.458. அந்த இடைவெளியில் வாயு கசிந்து ஈயத்தை உரித்திருக்கிறது. குழலைச் செம்புக் கம்பிப்பஞ்சால் சுத்தம் செய்து, 0.460 அங்குல விட்டத்துக்கு சைஸ் செய்த (அச்சில் அழுத்திச் சீராக்கிய) குண்டுகளைப் போட்டதும் படிவு நின்றது. சிதறலும் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த வேகத்துக்கு கேஸ் செக் (குண்டின் அடியில் மாட்டும் செம்புத் தொப்பி) வேண்டாம், இன்னும் கடினமான உலோகக் கலவையும் வேண்டாம். தோட்டாக் கூட்டின் வாயைச் சற்று விரிக்காவிட்டால் மட்டும் குண்டை அமர்த்தும்போதே ஈயம் சீவப்படும்.

வெடிமருந்து யூனிக் என்ற ரகம், 12 கிரெயின். உங்கள் கையேட்டில் சரிபார்க்காமல் இதை எடுக்காதீர்கள். தவறி இரட்டை அளவு விழுந்தாலும் அந்தப் பெரிய கூட்டில் வழியாமல் அடங்கிவிடும், சுட்டால் ஆபத்து. குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடித்துப் பாருங்கள்.

எதிர்பாராதது: மருந்து கூட்டின் முன்பக்கம் சரிந்து கிடந்தால் வேகம் குறைகிறது. சுடுமுன் குழலை மேலே தூக்கி மெல்ல இறக்கினால் சீராகிறது. அடி விழுமிடம் முழு லோடைவிடக் கீழே. பின் குறியை உயர்த்த வேண்டும்.