பார்கா குடும்பம் போரிட்டது கார்த்தேஜுக்காகவா, தனக்காகவா?

நாணயப்பிரியன்:
ரோமோடு போரிட்ட, வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய பார்கா குடும்பம் ஸ்பெயினில் நடத்தியது தனி ராஜ்யம். கி.மு. 237இல் அப்பா ஹாமில்கார் பார்கா அங்கே போனார். அவருக்குப் பின் மருமகன் ஹாஸ்ட்ருபால், 221இல் அவர் கொல்லப்பட்டதும் ஹன்னிபால். படை முதலில் தலைவனைத் தேர்ந்தெடுத்தது, கார்த்தேஜ் பிறகுதான் ஒப்புதல் தந்தது. அங்கே அடித்த வெள்ளிக்காசுகளைப் பாருங்கள்: ஒரு பக்கம் கதாயுதத்தோடு தாடிக்காரர், மறுபக்கம் யானை. மெல்கார்ட் தெய்வம் என்பார்கள். எனக்கு அது ஹாமில்காராகவே தெரிகிறது.

தெற்குவாசல்:
காசில் இருக்கும் முகத்தை வைத்து ஒரு குடும்பத்தைக் குற்றவாளி ஆக்காதீர்கள், நண்பரே. ஸ்பெயினில் ரோமின் நட்பு நகரான சாகுந்தம் ஹன்னிபாலிடம் விழுந்ததும், அவரை ஒப்படைக்கச் சொல்லி ரோம் தூது அனுப்பியது. பிடிக்காத ஆள் என்றால் கார்த்தேஜ் அப்போதே பிடித்துக் கொடுத்திருக்கலாமே? போரையல்லவா ஏற்றுக்கொண்டது! பழங்கால வரலாற்றாசிரியர் பொலிபியஸே கேட்ட கேள்விதான் இது.
ஸ்பெயினுக்கு ஏன் போனார்கள்? ரோமோடு நடந்த முதல் போரில் தோற்று 241இல் சிசிலி போயிற்று. சம்பளம் கிடைக்காத கூலிப்படை கலகம் செய்தது. அந்த நேரம் பார்த்து ரோம் சார்டினியாவைப் பிடுங்கிக்கொண்டு, மேலே 1,200 தாலந்து வெள்ளியும் கேட்டது. வெள்ளிச் சுரங்கம் இல்லாமல் அந்த ஊர் எப்படி எழுந்திருக்கும்?

நாணயப்பிரியன்:
சரி, அப்படியானால் 216இல் இத்தாலியில் ஹன்னிபால் ரோமானியரை நொறுக்கிய கான்னே வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது? தம்பி மாகோ ரோமானியரின் தங்க மோதிரங்களைக் கார்த்தேஜ் சபையில் கொட்டி உதவி கேட்டார். பார்கா குடும்பத்தின் எதிரி ஹன்னோ எழுந்து எதிர்த்தார். இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்த உதவி மிகக் குறைவு. ஊருக்கே அது தன் போராகத் தோன்றவில்லை.

தெற்குவாசல்:
மாகோவுடன் போக வேண்டிய படையை ஸ்பெயினுக்குத் திருப்பிவிட்டார்கள். ஸ்பெயின் போனால் வெள்ளியும் போய்விடும் என்று சபைக்குத் தெரியும்.

ஏட்டுச்சுவடி:
இருவரும் ஜாமா போரில் ஹன்னிபால் ரோமிடம் தோற்றதற்குப் பிந்தைய கதையை விட்டுவிட்டீர்கள். அந்தப் போருக்கு முன்பே, 207இல் இத்தாலியின் மெட்டாரஸ் ஆற்றங்கரையில் இன்னொரு தம்பி, அவர் பெயரும் ஹாஸ்ட்ருபால், விழுந்தார். அவர் தலையை ரோமானியர் ஹன்னிபால் முகாமில் வீசினார்கள். மாகோவும் இறந்துவிட்டார். ஆனாலும் 196இல் ஹன்னிபால் கார்த்தேஜின் உயர்ந்த ஆட்சிப் பதவியான சுஃபெத் பதவி ஏற்று, நீதிபதிகளின் ஆயுட்காலப் பதவியை ஓராண்டாக்கினார். அரசுப் பணத்தைத் தின்றவர்களிடம் அதைத் திரும்பக் கேட்டார், மக்கள்மேல் புதுவரி வேண்டாம் என்றார். அகப்பட்டவர்கள் ரோமிடம் போய்க் கோள் சொன்னார்கள். 195இல் அவர் இரவோடு இரவாகக் கப்பலேறினார். தனக்காக வாழ்ந்தவன் செய்கிற வேலையா இது?

நாணயப்பிரியன்:
அந்த 196 எனக்கும் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது ஸ்பெயின் அவர் கையில் இல்லை. இருந்தபோது எப்படி ஆண்டார்கள் என்பதுதான் என் கேள்வி, அதை விடமாட்டேன்.