கொன்வென்ற் வரலாறு: 1960ஐ யார் எழுதுவது?

அன்பான உறவுகளே, வணக்கம்.

சங்க மலருக்கு யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடத்தை, எங்கள் கொன்வென்ற் பள்ளியைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தொடக்கக் கதை உங்களில் பலருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி திறந்துவிட்டது. கத்தோலிக்கர் பக்கத்தில் அப்படியொன்று இல்லாத குறை நெடுநாள் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஆயர் செமேரியா ஆண்டகை அழைத்ததன் பேரில் 1862இல் திருக்குடும்ப சபைச் சகோதரிகள் கப்பலேறி வந்தார்கள். பிரான்ஸின் போர்தோ நகரில் 1820இல் அந்தச் சபையைத் தொடங்கிய நோவாய் அடிகளார் முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார். சுயஸ் கால்வாய் திறக்க இன்னும் 7 வருடம் கிடந்தது. பாஷையே தெரியாத ஊருக்கு அவ்வளவு தூரம் வந்து இறங்கிய அந்தப் பெண்களை நினைக்கையில் எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான்.

ஆனால் நான் எழுத விரும்புவது 1960ஐ. அந்த வருடத்து 5ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் அரச உதவி பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் அரசிடம் போயின. விலகி நிற்க விரும்பிய பள்ளிகளுக்கு உதவிப்பணம் நின்றுபோனது. எங்கள் கொன்வென்ற் விலகித்தான் நின்றது, அதுவும் கட்டணம் அறவிடாத தனியார் பள்ளியாக. அரசு காசும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் இல்லை. அப்படியென்றால் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு வழி?

எனக்குத் தெரிந்த பதில் எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியில் இருந்தது. தேங்காய் விற்ற காசில் கொஞ்சத்தை அம்மம்மா ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைப்பார். "பள்ளிக்கூடத்துக் காசு, தொடாதேங்கோ" என்பார். வீட்டில் சீனி இல்லாத நாளிலும் அந்தப் பேணியில் கை வைத்ததில்லை. மாதக் கடைசியில் அதை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்து விடுவார். அம்மாவின் வகுப்பில் இப்படி உறை கொண்டுபோன பிள்ளைகள் வேறும் இருந்தார்களாம். இதை நான் எந்த மலரிலும் வாசித்ததில்லை. வந்திறங்கிய கதையும் அதிபர்களின் வரிசையும் திரும்பத் திரும்ப அச்சாகின்றன, அவை வேண்டியவைதான். என் கணக்கில் 1960இல் பள்ளியை இன்னொரு தடவை தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் தாய்மார்.

அவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இப்போது 90ஐத் தாண்டியிருக்கும். அந்த நாளில் படித்தவர்களும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். காகிதங்களை நம்பவும் வழியில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தபோது நாங்கள் எடுத்தது அடையாள அட்டையும் உடுப்பும்தான். அம்மாவின் றிப்போட் புத்தகங்கள் வீட்டோடு போய்விட்டன.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ உங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பெரியம்மா, மாமி, ரீச்சர் யாரும் இருந்தால் இந்தச் சனி ஞாயிறில் பக்கத்தில் இருந்து கதை கேளுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள், யார் வந்து வாங்கினார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்து அனுப்பினால் போதும், எழுதுகிற வேலையை நான் பார்க்கிறேன். பழைய படங்கள் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பெயர்கள் அநேகமாக அங்கேதான் இருக்கும்.