பாம்பனில் சின்ன வீடு: வாஷிங் மெஷினை எங்கே வைப்பது?

பாம்பன் வீடு:

வணக்கம். பாம்பன் தெற்குவாடியில் இருக்கிறோம். தென்கடல் கரை கூப்பிடு தூரம்தான். வீடு 450 சதுர அடி, தளம் போட்டது. வடக்கே தெருவாசல். ஹால், ஒரு ரூம், கடைசியில் அடுப்படி. ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போகும் நடையின் ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம். பின்வாசலைத் திறந்தால் தெற்குப் பார்த்து 6 அடிக்கு ஷீட் இறக்கு. துவைகல் அங்கேதான் கிடக்கிறது.

இத்தனை நாள் துவைகல்லிலேயே ஓட்டிவிட்டோம். அத்தைக்குக் கை மூட்டு வலி அதிகமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், பிள்ளைகள் இரண்டு பேர், துணிக்குக் குறைவே இல்லை. இந்தத் தடவை மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பின்பக்க இறக்கில் வைத்தால் தண்ணீர் ஊற்றவும் வெளியேற்றவும் சுலபம் என்கிறார் அவர். பாத்ரூமுக்குள் வை என்கிறார் அத்தை. அடுப்படி மேடைக்குக் கீழே தள்ளிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். பக்கத்து வீட்டில் பின்பக்கம் வைத்திருந்த மெஷினுக்கு அடித்தகடு இற்றுப்போய் கால் உள்ளே இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு மெக்கானிக்:

தங்கச்சி, இந்த மூன்று இடத்தில் முதலில் அடிபட வேண்டியது பின்பக்க இறக்கு. உங்கள் வீட்டுக்காரருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காலத்தில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று உப்புத் திவலையையும் பொடிமணலையும் சேர்த்தே கொண்டுவரும். ஷீட் மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. மண்டபம் பக்கம் இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தளம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். பாலத்துக்கே அப்படியென்றால் மெல்லிய தகட்டில் செய்த மெஷின் என்ன ஆகும்?

கரையோரத்து வீடுகளில் பழுது பார்க்கப் போகும்போது ட்ரம் நன்றாகவே இருக்கும். போனது அடித்தகடு, திருகாணி, வயர் முனைகள், எலக்ட்ரானிக் போர்டு. போர்டு போனால் செலவு அதிகம், பாகம் வரக் காத்திருக்கவும் வேண்டும். அதனால் மெஷின் வீட்டுக்குள் வரட்டும், கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேராக இல்லாமல்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் சில விவரம் வேண்டும். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? துவைக்க எந்தத் தண்ணீர்? அடுப்படி மேடை தரையிலிருந்து எத்தனை அங்குலம்? நடையில் எவ்வளவு அகலம் மிச்சம்?

பாம்பன் வீடு:

அண்ணே, ரொம்ப நன்றி. டேப் வைத்து அளந்தேன். மேடைக்குக் கீழே 31 அங்குலம்தான் இருக்கிறது. டேங்க் 500 லிட்டர், மொட்டை மாடியில் 2 அடிச் செங்கல் திட்டில் இருக்கிறது. ஹால் உயரம் 10 அடி. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர், டிரம்மில் பிடித்து வைப்போம். மற்றதெல்லாம் போர் தண்ணீர், உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது.

நடையில் பாத்ரூம் சுவரை ஒட்டி ஒரு உள்வாங்கல் இருக்கிறது. 27 அங்குல அகலம், 2 அடி ஆழம். இப்போது அங்கே ஒரு தண்ணீர் டிரம்மும் அரிசி வாளியும் இருக்கின்றன.

கீழக்கரை அக்கா:

அந்த உள்வாங்கலை விட்டுவிடாதே தங்கச்சி! நாங்கள் பாத்ரூமில் வைத்துப் பார்த்தவர்கள். ஆள் குளிக்கக் குளிக்க மெஷின் நனையும், அது ஓடினால் குளிக்க முடியாது. காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வீடே இரண்டு படும். ஈரம் காயாத இடம் வேறு. வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், துவைத்து முடித்த உடனே பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவிடாதே. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். மூடியைத் திறந்து போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பழைய பருத்தித் துணியைப் போர்த்து. வாரம் ஒரு தரம் வெளித்தகட்டையும் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடு. படிந்த உப்பு போனாலே பாதித் துரு குறையும்.

மண்டபம் எலக்ட்ரீசியன்:

பாத்ரூம் வேண்டாம் என்பதற்கு என் பங்கும் உண்டு. தண்ணீர் தெறிக்கிற இடத்தில் பிளக் பாயின்ட் வைக்கவே கூடாது. எங்கே வைத்தாலும் தனி 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் விழுகிற சுவிட்ச்), மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச்). இந்த நாலும் கட்டாயம். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்ட நினைக்காதீர்கள்.

நம் கரையில் அதிகம் கவனிக்காமல் விடுவது எர்த். இரும்புக் குழாய் புதைத்த எர்த் என்றால், மேலே பார்க்க நன்றாக இருக்கும், மண்ணுக்குள் உப்பு ஈரத்தில் அரித்திருக்கும். வயர் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்தால் அந்த எர்த்தை நம்ப முடியாது. செம்புப் பூச்சுள்ள ராடு அடித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு அத்தை தொடப்போகிற மெஷின் அது. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் காலையிலேயே துவைத்து முடித்துவிடுங்கள்.

ராம்நாடு மெக்கானிக்:

மேடைக்குக் கீழே வைக்க முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரன்ட் லோடுதான் சரிவரும், ஆனால் 31 அங்குலத்தில் அது போகாது. அதற்கு உயரமே 85 சென்டிமீட்டர், அதாவது 33 அங்குலத்துக்குமேல். அடுப்படி யோசனையை விட்டுவிடலாம்.

தண்ணீர் விசைக் கணக்கும் பார்ப்போம். பெரும்பாலான மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கிறார்கள். அது கிட்டத்தட்ட 10 அடி நீர் உயரம். உங்கள் டேங்கின் அடிப்பக்கம் தரையிலிருந்து தளத்தின் கனத்தையும் சேர்த்துப் பன்னிரண்டரை அடி வரும். மெஷினில் தண்ணீர் ஏறும் வாய் 3 அடியில். மிச்சம் ஒன்பதரை அடிதான். டேங்க் நிரம்பி இருக்கும்போது ஓடும், பாதிக்குக் கீழே இறங்கினால் இழுத்துக்கொண்டே நிற்கும், சில மெஷின் எரர் காட்டி நின்றுவிடும். திட்டை இன்னும் 2 அடி உயர்த்தினால் கவலை இல்லை.

எந்த மெஷின் என்றால், 27 அங்குலத்தில் செமி ஆட்டோமேட்டிக் அடங்காது, அது கிட்டத்தட்ட 30 அங்குலம் இருக்கும். அதன் உடம்பு பிளாஸ்டிக், எலக்ட்ரானிக் குறைவு, கடற்கரைக்கு நல்ல மெஷின்தான். ஆனால் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஈரத்தோடு தூக்கிப் போட வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு அது சரிவராது. மேலே மூடி உள்ள 6.5 கிலோ டாப் லோடு 21, 22 அங்குல அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளி கிடைக்கும். அவசரத்துக்கு மேலிருந்து குடத்திலும் தண்ணீர் ஊற்றலாம். உப்புத் தண்ணீருக்கும் அதுவே மேல். ஃப்ரன்ட் லோடில் சூடு போடும் கம்பியின்மேல் காரை படியும், ட்ரம்மைப் பின்னால் தாங்குகிற அலுமினியத் தாங்கியையும் உப்பு அரிக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். அழுக்குத் தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியேற்றுகிறதா, தானாகக் கீழே வடிகிறதா? அடியில் எலி நுழையாதபடி தட்டு இருக்கிறதா? டாப் லோடில் நிறைய மாடலுக்கு அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். கருவாடு இருக்கிற வீட்டில் எலி வராமல் இருக்காது.

உச்சிப்புளி கொத்தனார்:

எல்லாரும் சொன்னது சரி. சுவர் வேலையை நான் சொல்கிறேன். உள்வாங்கலுக்குப் பின்னால் பாத்ரூம் என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். தண்ணீர் லைனும் வடிகாலும் அந்தச் சுவருக்கு மறுபக்கமே இருக்கின்றன. பாத்ரூம் தரை எப்படியும் ஒரு மூன்று அங்குலம் இறக்கமாகத்தான் இருக்கும். மெஷினுக்கு 6 அங்குலம் உயரத்தில் செங்கல் கட்டி மேலே கிரானைட் பலகை போட்டால் தானாக வடிகிற மாடலே போதும். தரையை ஒட்டிச் சுவரில் 2 அங்குலத் துளை, பாத்ரூம் பக்கம் சரிவாக. சரிவு மாறினால் தண்ணீர் உங்கள் நடைக்குத்தான் வரும். பிவிசி குழாய் செருகி சுற்றிலும் நன்றாகப் பூசிவிட வேண்டும், குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவே கரப்பான் நுழைகிற சந்து விடக்கூடாது.

கடையில் விற்கிற இரும்பு ஸ்டாண்டு வேண்டாம். சக்கரம் வைத்ததும் வேண்டாம், பிழியும்போது மெஷின் நடக்கும். 6 அங்குலம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது தீவில் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. வடிகால் நிரம்பினால் அது முதலில் பாத்ரூம் வழியாகத்தான் திரும்பி வரும்.

டேங்க் திட்டை உயர்த்துவது நல்ல யோசனை, ஆனால் 500 லிட்டர் என்றால் தண்ணீரே 500 கிலோ. தளத்தின் நடுவில் ஏற்றாமல் சுவருக்கு நேர் மேலே கட்டுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்க் பறந்துவிடும்.

குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?

பாம்பன் வீடு:

பாத்ரூம் தண்ணீர் பின்பக்கம் வாழைக்குப் போகிறது. கக்கூஸ் குழி தனி. கொத்தனார் அண்ணே, பாத்ரூம் தரையைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே இறக்கமாக இருக்கிறது. அத்தைக்கு ஒரு வருத்தம், கடலுக்குப் போய் வந்த துணியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மீன் வாடை நடை முழுக்க நிற்குமே என்று.

கீழக்கரை அக்கா:

அத்தை சொல்வது நியாயம்தான். அதற்குத்தான் துவைகல் இருக்கிறதே, அதை எடுத்துவிடாதே! கடல் துணியைப் பின்பக்கமே வாளியில் அலசி, மணலை உதறி, உப்பு போகப் பிழிந்து உள்ளே கொண்டு வா. வாடை அதிகமாக இருந்தால் சோப்புத்தூள் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறட்டும். பிள்ளைகள் துணியோடு கலக்காமல் தனியாகப் போடு. காயப்போடுவது மொட்டை மாடியில், வாடைக் காற்று மாதங்களில் மட்டும் பின்பக்க இறக்கில் கொடி கட்டு. வடக்கிலிருந்து வருகிற சாரலுக்கு வீடே மறைப்பாக நிற்கும்.

ராம்நாடு மெக்கானிக்:

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள். மணலோடு துணியைப் போட்டால் அது வடிகால் வால்வில் போய் உட்காரும், வால்வு மூடாது, தண்ணீர் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும். இந்தக் கரையில் அந்தப் புகார் அடிக்கடி வருகிறது.

உச்சிப்புளி கொத்தனார்:

வாழைக்கு வேண்டாம்மா. போர் தண்ணீர் உப்பு, அதோடு சோப்பும் சேர்ந்தால் வாழை தாங்காது, இலை ஓரம் கருகும். தென்னை இருந்தால் அந்தப் பக்கம் திருப்புங்கள், அது உப்பைத் தாங்கும் மரம். டாப் லோடு ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேலேயே தண்ணீர் விடும். தென்னைக்கு முன்னால் உடைகல் போட்ட குழி ஒன்று எடுத்தால் தேங்காது. கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் அந்தத் திசைக்கே கொண்டுபோகாதீர்கள். உங்கள் தீவு மணலில் சோப்புத் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், பக்கத்து வீட்டுக் குடத்துக்குத்தான் போய்ச் சேரும். கக்கூஸ் குழியிலும் விடாதீர்கள்.

பாம்பன் வீடு:

தென்னை இரண்டு இருக்கின்றன, கிணறு தெருப்பக்கம், எதிர்த்திசை. அப்படியானால் உள்வாங்கல், 6 அங்குலத் திட்டு, டாப் லோடு என்று முடிவு செய்துவிட்டோம். என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார், டேங்க் திட்டைத் தானே கட்டுவதாகச் சொல்கிறார். அரிசி வாளி ரூமுக்குப் போகிறது. கடைசியாக ஒன்று. குழாய் எங்கிருந்து பிரிக்க வேண்டும்? போர் தண்ணீருக்கு என்ன செய்யலாம்?

ராம்நாடு மெக்கானிக்:

பாத்ரூமுக்கு இறங்குகிற டேங்க் லைனிலேயே டீ (மூன்று வழி இணைப்பு) போட்டுப் பிரியுங்கள், முக்கால் அங்குலக் குழாயில். பாத்ரூம் குழாய் திறந்திருக்கும்போது மெஷினுக்கு விசை குறையும், அதனால் டீயை முடிந்த அளவு மேலேயே வையுங்கள். மெஷினுக்கு முன்னால் தனி வால்வும் கழற்றிக் கழுவுகிற வலை ஃபில்டரும் வேண்டும். இரும்பு நிப்பிள் (குழாயை இணைக்கிற சின்னத் துண்டு) எங்கேயும் போடவிடாதீர்கள், பிளாஸ்டிக் அல்லது பித்தளை. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மெஷின் வாயில் இருக்கும் சின்ன வலையைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அது கூடாது, கழுவிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

உப்பை எடுக்க வழியில்லை, ஆனால் கடைசி அலசலுக்கு மட்டும் மெஷினை நிறுத்தி மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினால் துணி விறைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத் தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள், அந்த மாதங்களில் துவைப்பு முழுவதையும் அதிலேயே முடிக்கலாம், சோப்பும் பாதி போதும். மற்ற மாதங்களில் அவ்வப்போது சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து ஊற்றித் துணி இல்லாமல் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். பிளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கெட்ட வாயு வரும்.

பில் போடுவதற்கு முன்னால் துருவுக்கு வாரண்டி உண்டா என்று கேட்டு, கார்டில் இருக்கிற வரியை நீங்களே படித்துப் பாருங்கள். மாட்ட வருகிறவர் கிளம்புவதற்கு முன் மட்டக்கோல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், நாலு காலும் கிரானைட்டில் பதிந்திருக்க வேண்டும். பாதி டேங்க் தண்ணீரில் ஒரு ஓட்டு முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டே அவரை அனுப்புங்கள்.