'ராதா'வுக்கு 'ஆளுகை' போதுமா, 'கோன்மை' வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பைபிளில் ஒருவர் மேல் அதிகாரம் செலுத்துவதைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ராதா'வுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் தேடி இந்த இழை ஒரு வாரமாக ஓடுகிறது. (பெயரைப் பார்த்துக் கண்ணனைத் தேடி உள்ளே வந்தவர்கள் பொறுத்தருள்க.) இதுவரை வந்தவை ஆளுகை, ஆதிக்கம், மேலாண்மை, பராமரிப்பு. என் கருத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> 'ஆளுகை' என்று நல்ல சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, ஐயா. அது ஏற்கெனவே வேறொரு வேலையில் இருப்பதுதான் சிக்கல். 1871இல் வெளிவந்த தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பான பவர் திருப்புதலில் ஆதியாகமத்தின் முதல் நான்கு அதிகாரங்களைப் பாருங்கள். 1:28இல் மீன்களையும் பறவைகளையும் 'ஆண்டுகொள்ளுங்கள்' என்று கட்டளை. 3:16இல் ஏவாளிடம், கணவன் 'உன்னை ஆண்டுகொள்ளுவான்'. 4:7இல் காயீனிடம், 'நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்'. தமிழில் மூன்று இடத்திலும் ஒரே வினை. எபிரேயத்தில் முதலாவது மட்டும் ராதா, மற்ற இரண்டும் ஆள்வதைக் குறிக்கும் இன்னொரு வினையான மாஷல். இந்த முதல் இரண்டு வசனங்களையும் ஒன்றாகக் கோத்து, விலங்குக்கு மனிதன் எப்படியோ மனைவிக்குக் கணவன் அப்படி என்று முழங்கிய பிரசங்கம் ஒன்றை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கோவை தமிழில் விழுந்த முடிச்சு. மூலத்தில் அது கிடையாது.

மாஷல் பரந்த சொல். 1:16இல் சூரியன் பகலையும் சந்திரன் இரவையும் 'ஆள்வது' இந்த வேரால்தான். நிலா யாரையும் அடக்கி ஒடுக்குவதில்லை. தன் பொழுதுக்குப் பொறுப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். இன்றைய இஸ்ரேலில் அரசாங்கத்துக்கு வழங்கும் 'மெம்ஷாலா' இதே வேரில் பிறந்தது. சங்கீதம் 145:13இல் 'மல்கூத்' என்பதை ராஜ்யம் என்றும், மெம்ஷாலாவை ஆளுகை என்றும் பவர் குழு அழகாகப் பிரித்துவிட்டது. அந்த ஏற்பாட்டை நாம் கலைக்க வேண்டாம். ஆளுகை மாஷலுக்கே இருக்கட்டும்.

சரி, ராதா என்ன செய்கிறது? பழைய ஏற்பாட்டில் அது வருவதே இருபத்துச் சொச்சம் இடங்களில்தான். பெரும்பாலும் வலியவன் ஒருவன் மேலே, கைக்கு அடங்கியவன் ஒருவன் கீழே. எசமானும் அடிமையும், அரசனும் வென்ற நாடும், வேலை வாங்குபவனும் கூலியாளும். 1 இராஜாக்கள் 5:16இல் சாலொமோனின் கட்டட வேலையில் ஆட்களை வேலை வாங்கிய 3,300 பேரைக் குறிப்பதும் ராதாவின் எச்சவடிவம்தான். மலையகத்துக்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: கங்காணிகள்.

ஆனால் அதே சொல்தான் 72ஆம் சங்கீதத்தில் 'ஒரு சமுத்திரந்தொடங்கி மறுசமுத்திரம்வரைக்கும்' ஆளும் அரசனுக்கும் வருகிறது. அவன் ஏழையின் கூப்பிடுதலைக் கேட்டு விடுவிக்கிறவன். ஆக, ராதா நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதிகாரத்தின் கனத்தைச் சொல்கிறது. குணத்தைச் சொல்ல அருகில் இன்னொரு சொல் வேண்டும். லேவியராகமம் 25:43 அதைத்தான் செய்கிறது. வறுமையால் உன்னிடம் விலைப்பட்ட சகோதரனை 'கொடூரமாய்' ஆளாதே என்கிறது. அந்தக் 'கொடூரம்' எபிரேயத்தில் 'பெரெக்'. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரை வேலை வாங்கிய விதத்துக்கும் இதே சொல்தான். உனக்கு நேர்ந்ததை நீ பிறருக்குச் செய்யாதே என்று அறிவுரை சொல்லாமல், அந்த ஒரு சொல்லைத் திரும்ப வைத்தே நினைவூட்டுகிறார்கள்.

இந்த வசனத்தையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

> 'பராமரிப்பு' என்றால் சுற்றுச்சூழல் நோக்கில் சரியாக இருக்கும்.

அம்மா, உங்கள் நோக்கம் புரிகிறது. 1967இல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர், இயற்கையின் மேல் மேற்குலகம் காட்டும் திமிருக்கு ஆதியாகமப் படைப்புக் கதையும் ஒரு வேர் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியதிலிருந்தே, ராதாவை மென்மையாக்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் 'உன் சகோதரனைக் கொடூரமாய்ப் பராமரிக்காதே' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வருகிறது. பராமரிப்பில் கொடூரத்துக்கு இடமே இல்லை. இடமில்லாததை எதற்குத் தடுக்க வேண்டும்? நீங்கள் தேடும் பொருள் அந்த நூலிலேயே வேறு இடத்தில் இருக்கிறது. 2:15இல் தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதனை வைத்தார் என்று வருகிறது. அங்கே உள்ள வினைகள் வேறு. 1:29இல் மனிதனுக்கு உணவாகக் கிடைப்பது விதை தரும் பூண்டுகளும் மரக்கனிகளும் மட்டுமே. இறைச்சிக்கு அனுமதி 9:3இல், வெள்ளத்துக்குப் பிறகுதான் வருகிறது. 1:28 தரும் அதிகாரம் கொன்று தின்னும் உரிமை இல்லை என்பதை இதை வைத்தே வாதிடலாம். அந்த வாதத்தை அடிக்குறிப்பில் வையுங்கள், சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

'ஆதிக்கம்' எதிர்ப்பக்கம் சாய்கிறது. சாதி ஆதிக்கம், மொழி ஆதிக்கம் என்று பழகிப்போன காதுக்கு, ஏழைகளை மீட்கும் அரசனின் ஆதிக்கம் ஒட்டாது. 'மேலாண்மை' பற்றி ஒன்றே ஒன்று: 'கடலின் மீன்களை மேலாண்மை செய்யுங்கள்' என்று கடவுள் சொன்னால் அது மீன்வளத்துறை சுற்றறிக்கை.

என் முன்மொழிவு கோன்மை.

வள்ளுவத்தில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை. இரண்டையும் பிரித்தால் கோல் ஒன்றுதான். செம்மையும் கொடுமையும் முன்னால் வந்து சேர்ந்தவை. ராதாவும் 'பெரெக்'கும் நிற்கும் நிலையும் இதுவே. எபிரேயத்தில் 'ஷேவெத்' என்ற சொல் மேய்ப்பன் கையிலுள்ள கோலையும் அரசன் கையிலுள்ள செங்கோலையும் குறிக்கும். நமக்கும் ஆடு மேய்ப்பவன் வைத்திருப்பது கோல், அரசன் வைத்திருப்பதும் கோல். எசேக்கியேல் 34:4இல் மந்தையைப் பலாத்காரமாய் ஆண்ட மேய்ப்பர்கள் என்று அரசர்கள்தான் சாடப்படுகிறார்கள், அங்கே வரும் வினையும் ராதாதான். இன்னொன்று: கோன்மையை கோன் + மை என்று பிரித்துப் படிப்பவரும் வழிதவறிவிட மாட்டார். அரசனும் கோன், ஆயனும் கோன்.

வினை வேண்டுமா? கோலோச்சு. 'குடிதழீஇக் கோலோச்சும்' என்று குறளில் (544) இருப்பது. இன்றும் திரையுலகில் கோலோச்சியவர் என்று நாளிதழ்கள் எழுதுவது.

அதே 1:28இல் பூமியைக் 'கீழ்ப்படுத்தி' என்று வரும் 'காபஷ்' இதைவிட முரடு. காலடியில் போட்டு மிதிக்கும் வேர் அது; 2 நாளாகமம் 9:18இல் சிங்காசனத்தின் பாதபடிக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயர். இன்றைய எபிரேயத்தில் நிலத்தை ஆக்கிரமிப்பதும் (கிபூஷ்) தார்ச்சாலையும் (க்வீஷ்) இந்த வேரின் பிள்ளைகள். 'அடிப்படுத்து' என்று பழைய தமிழில் உண்டு, அது அச்சாகப் பொருந்தும்.

தேன் எடுப்பதற்கு வரும் ராதாவும் இதே சொல்தானா என்று எழுந்த ஐயம் பற்றி: நியாயாதிபதிகள் 14:9இல் சிம்சோன் சிங்கத்தின் உடலிலிருந்து தேனை வழித்தெடுப்பதும் எழுத்தில் ராதாதான். தனி வேர் என்று அகராதிகள் பிரிக்கின்றன. இஸ்ரேலில் இன்றும் தேனடையிலிருந்து தேன் எடுப்பதற்கு அந்தச் சொல்தான். நம் பட்டியலில் அதற்கு இடம் வேண்டாம், ருசிக்காகச் சொன்னேன்.

மறுமொழி:

ஐயா, லேவியராகம உரைகல்லில் கோன்மை தேறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, 1:26க்கு எழுதிய உரையில் ராதாவை வைத்து ஒரு சிலேடை செய்கிறார். அதில் ஆளுவதும் (ராதா) இறங்குவதும் (யாரத்) சேர்ந்து ஒலிக்கின்றன; தகுதியுள்ளவன் விலங்குகளை ஆள்வான், தகுதியற்றவன் அவற்றுக்கும் கீழே இறங்கிவிடுவான், அப்புறம் விலங்கு அவனை ஆளும் என்கிறார். தமிழில் இதற்குச் சிரமமே பட வேண்டாம்: தகுதி இருந்தால் ஆள்வான், இல்லையேல் ஆழ்வான். கோலோச்சு என்று வைத்தால் இது போய்விடுமே?

மறுமொழி:

அம்மா, ஆள்வான், ஆழ்வான் இரண்டும் என் கண்ணில் படவே இல்லை. இப்போது விட மனமில்லை.

இப்படிச் செய்யலாம். கலைச்சொல் பட்டியலில் பெயர்ச்சொல்லுக்குக் கோன்மை மட்டும். வசனத்துக்குள் வினையாக வரும்போது 'ஆள்' என்றே இருக்கட்டும். பவர் குழுவின் 'ஆளக்கடவர்கள்' நம் காதில் ஊறிப்போனது, அதைப் பிடுங்கிக் கோலோச்சக்கடவர்கள் என்று நட்டால் நாக்குத் தடுக்கும். மாஷல் வரும் 3:16, 4:7 இரண்டிலும் 'ஆண்டுகொள்' என்பதை மாற்ற வேண்டும். மாற்றினால்தான் பழைய முடிச்சு அவிழும். அங்கே 'ஆளுகை செய்' என்று என் வரைவில் போட்டிருக்கிறேன். 'உன்னை ஆளுகை செய்வான்' கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. இதைவிட இயல்பாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.